பூட்டிய அறையில் தொங்கிய கப்

போன வருடம், பொங்கல் முடிந்த கையோடு, செஞ்சி பேருந்து நிலையத்தில் இரண்டு கட்டைப்பை நிறைய பிளாஸ்டிக் கப்புகளோடு வந்து இறங்கினேன். அப்போது நான் அணுசக்திப் பொறியியலில் எம்.டெக். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படிப்பின் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர்களுக்குக் கண் விரியும். ஆனால் அன்றைக்குப் பையை எட்டிப் பார்த்த ஷேர் ஆட்டோக்காரர், "இன்னாம்மா, டீக்கடை போடப் போறியா?" என்றுதான் கேட்டார். நான் பார்க்க வந்த வேலைக்கு அது ஒன்றும் தப்பான கேள்வி இல்லை.

எங்கள் வகுப்பில் மற்ற எல்லோருக்கும் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற புராஜெக்ட். அணு உலைக்குள் தண்ணீர் எந்த வேகத்தில் ஓடினால் சூடு அடங்கும் என்று ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சைத் தடுக்கச் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும் வெயிலும் தெருவும்.

கருங்கல் பாறையில் இயற்கையாகவே இம்மியளவு யுரேனியம் இருக்கும். அதன் வழியாக ரேடான் என்றொரு வாயு கசிந்துகொண்டே இருக்கும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும், மூடிய அறையாக இருந்தால் உள்ளேயே தங்கிச் சேரும். செஞ்சி மலைகளை ஒட்டி, அந்தக் கல்லாலேயே சுவர் எழுப்பிய வீடுகளில் அது எவ்வளவு சேருகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் கப். கப்புக்குள் நகம் அளவுக்கு ஒரு பிலிம் துண்டு ஒட்டியிருக்கும். மூன்று மாதம் அதை அறையின் நடுவில் தொங்கவிட வேண்டும். கதிர் பட்ட இடங்களிலெல்லாம் பிலிமில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு லேபில் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, மைக்ரோஸ்கோப்பில் அந்தக் கீறல்களை எண்ண வேண்டும். ஹாஸ்டலில் எனக்கு 'கப் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாவிகள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பிற்பாடு கத்தியது ஏன் என்று புரியாது. எங்கள் ஊர் காவிரிப் பக்கம். அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பி.இ. முடித்ததும் மாப்பிள்ளை பார்த்து, பூ வைக்கிற நாள்வரை பேசி முடித்துவிட்டார். நான் மாட்டேன், மேலே படிக்கப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. போன் செய்தால் அம்மா மட்டும்தான். லீவுக்குப் போனாலும், தட்டில் சோறு இருக்கிறதா என்று பார்ப்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். திட்டினாலும் பரவாயில்லை, அந்தக் குரலை ஒருமுறை கேட்டுவிட மாட்டோமா என்று எனக்கு அவ்வளவு ஏக்கமாக இருக்கும். பஸ்ஸில் யாராவது அப்பா மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து அழைத்துப்போனால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கப் மாட்டுவது பெரிய பாடாக இல்லை. செஞ்சிக்காரர்கள் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள், அப்புறம் மோர் கொடுப்பார்கள். சிக்கல் வந்தது வேறு இடத்தில். ஒரே வீட்டில், ஒரே கல் சுவரில், புழங்குகிற அறை ஒன்றும் எப்போதும் மூடியே கிடக்கிற அறை ஒன்றும் வேண்டும் என்று என் கைடு கேட்டிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவதுதான் என் புராஜெக்டுக்கே உயிர். ஆனால் எந்த வீட்டில் ஐயா ஒரு அறையைச் சும்மா பூட்டி வைப்பார்கள்? பூட்டிய அறை என்றால் நெல் மூட்டை இருக்கும், மூட்டை எடுக்க நாளைக்கு நாலு தடவை திறப்பார்கள்.

அலைந்து அலுத்த ஒரு மத்தியானம், மலையடிவாரத் தெரு ஒன்றில் கடைசி வீடு. வீட்டின் பின்சுவர் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மினி லாரி வைத்து ஊர் ஊராக நெல் மூட்டை ஏற்றிவந்து செஞ்சி கமிட்டியில், அதாவது நெல் விற்பனைக் கூடத்தில், இறக்குகிறவர். அவர் மனைவி பசு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சநேரம் மீசையைத் தடவினார்.

"பூட்டுன ரூம்தானே? இருக்குது. ஒரு வருஷமா எவனும் தொறக்கல. இனிமேட்டும் தொறக்கப் போறதில்ல."

"சூப்பர் சார்!" என்று கத்தியேவிட்டேன்.

அந்த அக்கா முகம் சட்டென்று வாடியது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வீட்டுக்காரர் இடுப்பு அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை எடுத்து அறையைத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உள்ளே பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்தேன். ஒற்றைக் கட்டில், அதன் மேல் நர்சிங் காலேஜ் பை, சுவரில் கண்ணாடி, கண்ணாடி ஓரத்தில் வரிசையாக ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். எல்லாவற்றின் மீதும் தூசி. காற்றே இல்லாமல் மூச்சு முட்டியது. என் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது என்று ஸ்டூல் போட்டு ஏறினேன்.

கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காதான் மெதுவாகச் சொன்னார். "எம் பொண்ணு ரூம்மா. கூட படிச்ச பையனக் கட்டிக்கினு போயிட்டா. வேற ஆளுங்க. இப்ப கோயம்புத்தூர்ல இருக்கறா. அவர் அவள தலமுழுகிட்டேன்னு சொல்லி ரூம பூட்டிட்டாரு." எனக்கு ஸ்டூலிலிருந்து எப்படி இறங்குவது என்றே தெரியவில்லை.

கிளம்பும்போது, எல்லா வீட்டிலும் சொல்வதை வீட்டுக்காரரிடமும் ஒப்பித்தேன். மூன்று மாதம் அறையைத் திறக்கவே கூடாது, ஜன்னலையும் திறக்கக் கூடாது, கப்பைத் தொடக் கூடாது. நூல் அறுந்து கப் கீழே விழுந்தால் மட்டும் எடுத்து மறுபடி மாட்டிவிடுங்கள்.

"வுழுந்துடுமா?" என்று கேட்டார்.

"பல்லி ஓடினாக்கூட சில சமயம் விழும் சார். எதுக்கும் பார்த்துக்குங்க."

"சரி" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சித்திரையில் வந்து கப்புகளையெல்லாம் சேகரித்தேன். அவர் வீட்டில் கப் வைத்த இடத்திலேயே சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அறையில் தூசி கொஞ்சம் குறைந்திருந்ததோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. மனசெல்லாம் பிலிமில்தான் இருந்தது.

லேபில் எண்ணிப் பார்த்தபோது தலை சுற்றியது. பூட்டிய அறை பிலிமிலும் நடுக்கூடத்து பிலிமிலும் கீறல்கள் ஏறக்குறைய ஒரே அளவு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி எண்ணினேன். பக்கத்து மேசைப் பெண்ணை எண்ணச் சொன்னேன். அதேதான். ஒரு வருடம் பூட்டிக்கிடந்த கல் அறையில் ரேடான் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்க வேண்டாமா?

கைடு கோபக்காரர் அல்ல. அதுதான் இன்னும் கஷ்டம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கப்பை மாத்தி லேபிள் ஒட்டிட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். "அப்போ அந்த ரூம்ல நிஜமாவே மாட்டினியா?" என்றார். காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் ஏதோ ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து கதை கட்டியதாக அவர் நினைக்கிறார்! ரிவியூவுக்கு அதிக நாள் இல்லை. காரணம் தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடு என்று சொல்லிவிட்டார். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கப்புதான்.

பக்கத்து மேசைப் பெண், "பிலிம் கெட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போடி, எந்த எக்ஸாமினர் செஞ்சிக்குப் போய்ப் பார்க்கப் போறார்" என்றாள். எனக்கு ரோஷம். வீட்டைப் பகைத்துக்கொண்டு, அப்பா பேச்சை இழந்து படிக்க வந்த படிப்பு இது. இதில் ஒரு பொய் எழுதினால் எல்லாமே வீண் என்று தோன்றியது. மறுநாளே செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நான் போனபோது அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வண்டிக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில். நான் விஷயத்தைச் சொன்னேன். அறையை யாரோ அடிக்கடி திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த அளவு வராது என்றேன்.

"யார் தொறப்பா? சாவி எங்கிட்ட இருக்குது."

"அப்போ நீங்க திறந்தீங்களா சார்?"

"நான் இன்னாத்துக்குத் தொறக்கறேன்? உன் மிஷினு பொய் சொல்லுது."

"அது மிஷின் இல்ல சார், வெறும் பிலிம். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவர் முகம் சிவந்தது. "அப்ப நான் பொய் சொல்றேன்றியா? எவளோ போனா போனதுதான். செத்தவ ரூம்ல எனக்கு இன்னா வேல?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வாயை அடக்குகிற வழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. "உயிரோட இருக்கிற பொண்ண எதுக்கு சார் செத்தவன்னு சொல்றீங்க? திறந்தா திறந்தேன்னு சொல்றதுல என்ன குறைஞ்சு போகுது? ஏன் சார் எல்லா அப்பாவும் இப்படியே இருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். கத்தி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எங்க அப்பாவும் ஒன்றரை வருஷமா என்கிட்ட பேசறதில்ல என்று, கேட்காத மனுஷரிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். எவ்வளவு அசிங்கம்! அவர் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். மினி லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

போச்சு. அத்தியாயமும் போச்சு, மானமும் போச்சு என்று பையை எடுத்தேன். அடுப்படியிலிருந்து அக்கா வந்தார். கையில் பால் கேன்.

"இந்த அழுமூஞ்சியோட எந்த பஸ்ஸுல ஏறப் போற? மூஞ்சக் கழுவிக்கினு வா, சொசைட்டிக்குப் போயிட்டு வருவோம்."

சொசைட்டி அந்தத் தெரு முனையிலேயே இருந்தது. பாலை ஊற்றி, அளவு பார்த்து, சீட்டு வாங்கி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அங்கே வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னையும் உட்காரச் சொன்னார்.

"டெய்லி தொறக்கறாரும்மா" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நான் வாயைப் பிளந்தேன்.

"நீ கப்பு மாட்டிட்டுப் போன நாலாம் நாளே. அன்னைக்கு சொசைட்டில கரண்ட் இல்ல, மிஷின் ஓடலன்னு சீக்கிரமா திரும்பிட்டேன். பாத்தா ரூம் தொறந்து கெடக்குது. ஜன்னலத் தொறந்து வுட்டு, ஃபேனப் போட்டுக்கினு, கட்டுல்ல உக்காந்துக்கினு இருக்கறாரு. அவ பைய மடியில வச்சிக்கினு. அண்ணாந்து உன் கப்பையே பாத்துக்கினு. நான் அப்படியே பூன மாதிரி வெளிய வந்துட்டேன்."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா அக்கா?"

"கேட்டா நிறுத்திடுவாரு. ரோஷக்கார மனுஷன். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா செத்தாலும் அந்தப் பக்கம் போவ மாட்டாரு." அக்கா சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. "அதனால நான் டெய்லி இங்க வந்து உக்காந்துடறேன். பால் ஊத்த எவ்ளோ நேரமாவும்? ஒரு மணி நேரம் கழிச்சித்தான் போவேன். போவ சொல்ல, தெரு மொனையிலேயே கேன் மூடிய டங்கு டங்குன்னு தட்டிக்கினே போவேன். ஜன்னல மூட, பூட்டுப் போட அவருக்கும் நேரம் வேணும்ல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் புராஜெக்டின் விடை கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதே நேரம், கூடத்தில் நின்று 'திறந்தேன்னு சொல்லுங்க' என்று அக்காவின் காதுபடக் கத்திவிட்டு வந்திருக்கிறேன். இனி அவர் அந்த அறைப் பக்கமே போகமாட்டார். பெண்ணைப் பார்க்க முடியாத மனுஷர், பெண்ணின் பையைத் தொட்டுப் பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்தையும் நான் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"உங்களுக்குப் பொண்ணப் பாக்கணும்னு இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? ஒரு நாளைக்கு நூறு தபா போன எடுப்பேன், வச்சிடுவேன். இப்ப மாசமா இருக்கறாளாம், யாரோ சொன்னாங்க. மசக்கையில இன்னா துன்றாளோ, யாரு ஆக்கிப் போடறாங்களோ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவருக்குத் தெரியாம பேசிட்டன்னா அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவரு வந்துடும். அவரே வாய் தொறந்து 'வரச் சொல்லு'ன்னு சொல்லணும். வருவாரு பாரு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருவாரு."

தெரு முனை வந்ததும் அக்கா கேன் மூடியைத் தட்டினார். டங்கு டங்கு என்று அந்தத் தெருவே கேட்கிற மாதிரி. மினி லாரி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் எப்போதோ திரும்பி வந்துவிட்டார்.

நாங்கள் உள்ளே போனபோது கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்து அதே கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அறை பூட்டியிருந்தது. சட்டையெல்லாம் வேர்வை. அவரைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அக்கா கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"சார், மன்னிச்சுக்குங்க. இப்பதான் லேபுக்கு போன் பண்ணேன். அந்த பிலிம்தான் கெட்டுப் போயிருக்காம். நீங்க சொன்னதுதான் சரி. ரூம யாரும் திறக்கல."

எந்தப் பொய்யை எழுத மாட்டேன் என்று பஸ் ஏறி வந்தேனோ, அதையே அந்தக் கூடத்தில் நின்று கூசாமல் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா கேனைக் கழுவப் போய்விட்டார்.

"வா, பஸ் ஸ்டாண்டுல வுட்டுடறேன்" என்று எழுந்தார்.

வண்டியில் நான் ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோட்டை தாண்டி பஜாருக்குள் நுழைவதற்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டெய்லி தொறந்தேன். ஜன்னலு, ஃபேனு எல்லாம். ஒரு மணி நேரம் இருக்கும். ஒரொரு நாளு ஜன்னலச் சாத்தவும் மறந்துடுவேன். உன் புக்குல எழுதிக்கோ. உன் படிப்பு என்னால கெடக் கூடாது. வூட்ல மட்டும் சொல்லிடாதம்மா."

"சொல்ல மாட்டேன் சார்."

"மொதல்ல கப்பு வுழுந்துடுச்சான்னு பாக்கத்தான் தொறந்தேன். சத்தியமா. நீதான பாத்துக்கச் சொன்ன? நீ சொல்லிட்டுப் போன வேலையாச்சேன்னுதான் போனேன். உள்ள போனதும் புழுக்கமா இருந்தது, ஜன்னலத் தொறந்தேன். அப்புறம் டெய்லி, இன்னைக்கு வுழுந்திருக்குமோன்னு..." தோள் துண்டால் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். "அது வுழவே இல்லம்மா."

பிறகு ஏதோ லோடு விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"இன்னொரு கப்பு வச்சிருக்கியா?"

"பிலிம் தீர்ந்துடுச்சு சார். காலிக் கப்புதான் இருக்கு. என் வேலையும் முடிஞ்சுடுச்சு."

"உனக்கு முடிஞ்சிடுச்சு. நீ கப்ப எடுத்துக்கினு போனதுல இருந்து, சாவிய எடுக்கறப்ப எனக்கே கூச்சமா இருக்குது. எதுக்கு உள்ள போறன்னு நானே என்னியக் கேட்டா, சொல்லறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் பையைத் திறந்து ஒரு காலிக் கப்பை எடுத்துக் காட்டினேன். அவர் வண்டியை வந்த வழியே திருப்பினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! "இந்தா, கேட்டியா? இந்தப் பொண்ணு இன்னொரு வாட்டி மாட்டணுமாம். பிலிமு கெட்டுப் போனா நாம இன்னா பண்றது? படிக்குதுங்களாம் படிப்பு! நம்ம உயிர வாங்குதுங்க!"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "போனாப் போவுது, மாட்டிட்டுப் போவட்டும் வுடுங்க. படிக்கிற புள்ள" என்றார். எப்பேர்ப்பட்ட நடிப்பு! நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டூலைத் தேடுகிற சாக்கில் உள்ளே ஓடினேன்.

இந்த முறை அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கவில்லை. உள்ளே வந்து ஸ்டூலை அவரே பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் தூசி இல்லை. பொட்டுகள் அப்படியே இருந்தன. நூலைக் கட்டி முடித்து இறங்கியதும், "எத்தினி மாசம் தொங்கணும்?" என்று கேட்டார். அவங்க வர்ற வரைக்கும் தொங்கட்டும் சார் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "நானா வந்து எடுக்கற வரைக்கும் சார்" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஆய்வறிக்கையில், அந்த அறை வீட்டில் உள்ளவரால் தினமும் ஜன்னல் திறந்து காற்றோட்டமாக வைக்கப்பட்டது, ஆகவே அதை மூடிய அறையாகக் கொள்ள முடியாது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒப்பிட்டுக் காட்ட இருந்த அத்தியாயம் சுருங்கி இரண்டு பக்கமாகிவிட்டது. மார்க்கும் சுமார்தான். கைடு அந்த வரியைப் படித்துவிட்டு, "யார் திறந்தது?" என்று மட்டும் கேட்டார். "அப்பா சார்" என்றேன். யாருடைய அப்பா என்று அவர் கேட்கவில்லை.

இப்போது நான் வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அக்கா போன் செய்தார். "அந்தக் கப்பு தூசியா கெடக்குது, தொடைக்கலாமா வேணாமான்னு உன்னக் கேக்கச் சொன்னாரு" என்றார். அவரே கேட்கச் சொன்னாராம்! அப்படியானால் அந்த அறையைப் பற்றி இருவரும் வாய் திறந்து பேசிக்கொள்கிறார்கள். பெண் வந்தாளா என்று கேட்டேன். "இன்னும் இல்லம்மா. பொறந்தது பொம்பளப் புள்ள. போட்டோ மட்டும் வந்திருக்குது. அத எங்க வச்சேன்னு கேட்டுக்கினே இருக்கறாரு, வேணும்ன்னே டேபிள் மேலயே வச்சிருக்கறேன்" என்றார். தாராளமாகத் துடைக்கலாம் அக்கா, ஆனால் கழற்றிவிடாதீர்கள் என்று சொன்னேன்.

போனை வைத்த பிறகு எனக்கு என்ன தோன்றியதோ, அம்மாவை அழைத்து, "நான் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பேசறப்ப அப்பா எங்கம்மா இருப்பார்?" என்று கேட்டேன். இத்தனை நாள் இதைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அம்மா, "எங்க இருப்பார்? மத்த நாள் எல்லாம் ஒன்பது மணிக்குக் கடை சாத்தறவர், ஞாயித்துக்கிழமை மட்டும் ஆறரைக்கே வந்து நாற்காலியப் போட்டுக்கிட்டு எம்பக்கத்துல உக்காந்துக்கறார். டி.வி.ய வேற நிறுத்திடறார்" என்றாள்.

அப்பா இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது பேசுவார் என்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, சாப்பிட்டது, தூங்கியது, சளி பிடித்தது என்று அம்மாவிடம் சொல்வதையெல்லாம் நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.